துருப்பிடித்த 1973 கேம்பர் வேன்: ஒட்டுப் போடுவதா, சில்லை முழுவதும் மாற்றுவதா?

லெஸ்டர்வாசி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக ஒரு பண்ணைக் கொட்டகையில் நின்றிருந்த 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். முன்கண்ணாடி ஒரே வளைவாக இருக்கும் ‘பே விண்டோ’ வகை. 1600 சிசி எஞ்சின். ஹானோவரில் தயாராகி இங்கிலாந்துக்கு வந்த பிறகு, இங்கேதான் படுக்கையும் அடுப்பும் எழும்பும் கூரையும் பொருத்தியிருக்கிறார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வண்டி நன்றாகவே இருக்கிறது.

கவலையெல்லாம் அடிப்பாகத்தைப் பற்றியதுதான். இடப்பக்கத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்று வண்டியோடு வந்த ஜாக்கியை அதற்குரிய குழாயில் செருகிச் சுற்றினேன். வண்டி எழவில்லை. குழாய் மட்டும் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலேறியது. கூடவே துருத்தூளும், பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியின் காய்ந்த துண்டுகளும் தரையில் கொட்டின. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற விளிம்புப் பாகம் முழுவதும் இப்படித்தான் இருக்குமோ என்று ஐயப்படுகிறேன்.

மாலை வகுப்பில் மிக் வெல்டிங்கின் (கம்பியை உருக்கித் தகட்டை இணைக்கும் மின் வெல்டிங்) அடிப்படையைக் கற்றிருக்கிறேன். இரண்டு பட்டறைகளில் கேட்டதில், வண்டியின் விலையைவிடப் பல மடங்கு சொல்கிறார்கள். ஆகவே வீட்டிலேயே செய்ய முடிவு செய்திருக்கிறேன். ஓட்டை விழுந்த இடங்களில் மட்டும் தகடு வைத்து ஒட்டுவது போதுமா, அல்லது சில்லை முழுவதுமாக வெட்டியெடுத்துப் புதியது வைக்க வேண்டுமா?

கோவைத்தகடு

தம்பி, கோவையில் டிங்கரிங் கற்று, இப்போது பர்மிங்காமில் பாடி ஷாப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ‘ஒட்டா, மாற்றா’ என்ற கேள்விக்கு முன்னால் வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது.

லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேசிஸும், கழற்றி எடுக்கக்கூடிய பாடியும் இந்த வேனுக்குக் கிடையாது. அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. நடுவில் இரண்டு நீளச் சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள் சில்லைத் தாங்குகின்றன. சில் என்பதும் ஒற்றைத் தகடு அன்று. வெளி, நடு, உள் என்று மூன்று தகடுகள் சேர்ந்த பெட்டி அது. வெளித்தகடு பெரும்பாலும் பார்வைக்குத்தான்; பலம் முழுவதும் உள்ளிரண்டு தகடுகளிலும் அவுட்ரிகர்களிலும் இருக்கிறது. உங்கள் ஜாக்கிக் குழாய் மேலேறியது என்றால் அவுட்ரிகரின் நுனியே போய்விட்டது என்று பொருள். அதற்குமேல் வெளியே எத்தனை தகடு ஒட்டினாலும், ஒட்டிய தகடு பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை.

முதலில் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். நல்ல தகடு தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போனது சொத்தென்று ஒலிக்கும். ஐயமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்திப் பாருங்கள். இந்த வகை வண்டியில் முன்சக்கர வளைவின் பின்புறம், கேபினுக்குள் ஏறும் படி, முன்கண்ணாடியின் கீழ் ஓரம், எஞ்சின் அறையிலுள்ள பேட்டரித் தட்டு, பின் மூலைகள், கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் கால்வாய் ஆகிய இடங்களை விடாமல் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் நேராகக் கேபின் தரையில் இறங்கியிருக்கும். தரை விரிப்பைத் தூக்காமல் அது தெரியாது.

வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது. நீளச் சட்டங்களின் உறுதியான பகுதியில் ஆக்சில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

வாரஇறுதிப்பயணி

கோவைத்தகடு ஐயா சொல்வது பட்டறைக்குப் பொருந்தும். வீட்டு முற்றத்துக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பலர் சில்லை வெட்டி எறிந்துவிட்டு, வேலை முடியாமல், ஆண்டுக்கணக்கில் தார்ப்பாயின் கீழ் வண்டியை வைத்திருக்கிறார்கள். கடைசியில் அவை துண்டு துண்டாகத்தான் விற்பனைக்கு வருகின்றன. ஓட்டையை ஃபைபர்கிளாஸால் மூடி, மேலே பட்டி பார்த்து, ஒரு கோடையாவது குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் வந்தால்தான் மேற்கொண்டு வேலை செய்யும் ஆசை வரும். இங்கே 40 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2018 மே மாதம் முதல் எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையும் தேவையில்லை. பிறகு எதற்கு இவ்வளவு கடுமை?

கோவைத்தகடு

சோதனை தேவையில்லை என்பதற்கு, எப்படிப்பட்ட வண்டியையும் ஓட்டலாம் என்று பொருளில்லை. ஆபத்தான நிலையில் உள்ள வண்டியைச் சாலையில் ஓட்டுவது 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். அதில் 40 வயது வண்டிக்கு விலக்கு இல்லை.

சோதனை விதிகளை ஒரு வழிகாட்டியாகவேனும் படித்துப் பார்க்கலாம். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் போன்றவை பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தாங்கு தகடு அரித்திருந்தால் வண்டி தேறாது. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டால், ஒட்டின் விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாக வெல்டு இருக்க வேண்டும். தொழிற்சாலையில் புள்ளி வெல்டு இருந்த பலகத்தை முழுமையாக மாற்றும்போது மட்டும் புள்ளி வெல்டு போதும். ஃபைபர்கிளாஸும் பட்டியும் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. வார இறுதிக்கு ஒருவர் மட்டும் ஓட்டிப் போகும் வண்டி என்றால் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். பின்சீட்டில் குழந்தைகள் உட்காரும் வண்டி இது.

ரைன்கரை

நான் ஜெர்மனியில், டுசல்டார்ஃப் அருகே வசிக்கிறேன். எங்களுக்கு இந்த விவாதமே வராது. இங்கே 30 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ‘ஹெச்’ எழுத்து உள்ள எண் பலகை வாங்கலாம். அதற்கு ஆண்டு வரி ஏறத்தாழ 192 யூரோ என்று ஒரே தொகைதான். ஆனால் அதைப் பெறுவதற்கு முன் ஒரு நிபுணர் வண்டியைப் பார்த்து, அது நல்ல நிலையிலும் பெரும்பாலும் மூல வடிவிலும் இருக்கிறது என்று அறிக்கை தர வேண்டும். வயதைக் காட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் சோதனையிலிருந்து தப்பிக்கவும் முடியாது. பரிசோதகர் சின்னச் சுத்தியலோடு சில்லின் அடியில்தான் முதலில் குனிவார்.

லெஸ்டர்வாசி தம்பி, வெட்டுவதற்கு முன் வண்டியின் சேசிஸ் எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் காலத்துப் பத்து இலக்க எண்ணில் முதலிரண்டு இலக்கங்கள் உடல் வகையைச் சொல்லும்; 23 என்றால் ஆளும் சரக்கும் ஏற்றும் ‘கோம்பி’ வகை. மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு. 3 என்றால் 1973. மாடல் ஆண்டு முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதால், 1972 இலையுதிர் காலத்தில் வெளிவந்த வண்டிக்கும் 3 என்றே இருக்கும். உதிரிப் பலகம் வாங்கும்போது இது பெரிதும் உதவும். 1973 மாடலில் முன் இண்டிகேட்டர்கள் மேலே, காற்று வாங்கும் கம்பிவலைக்கு இரு புறமும் ஏறிவிட்டன, பம்பரும் மாறியது. பழைய மாடலுக்கான முன்பலகத்தை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் உங்கள் வண்டிக்கு அது சரியாக வராது.

மற்றபடி உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியில் இந்த வடிவம் 1979இல் நின்றுபோனாலும், பிரேசிலில் இதன் வழிவந்த கோம்பி 2013 இறுதி வரை தயாரானது. ஐம்பது வயதான வேறு எந்த வேனுக்கும் இவ்வளவு எளிதாகத் தகடு கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வசதி இருக்கும்போது ஃபைபர்கிளாஸ் பூசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உப்பும்இரும்பும்

அரிமானத் துறையில் பணிபுரிபவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும்; உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் பல மடங்காகிறது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டப்படும் பாறை உப்பு, செஷையரின் வின்ஸ்ஃபோர்டு போன்ற சுரங்கங்களிலிருந்து வருகிறது. சக்கரம் அதை நேராகச் சில்லின் மடிப்புகளுக்குள் அடித்துவிடுகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கில் உப்புநீர் காய்வதே இல்லை. துருவின் கனஅளவு அது உருவான இரும்பைவிடப் பெரிது என்பதால், இடுக்குக்குள் அது வீங்கித் தகடுகளைப் பிளக்கிறது. பெயின்டின் மேல் கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

ஒட்டுப் போடுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். பழைய துருவின் மேல் புதுத் தகட்டை வைத்து மூடினால் இன்னொரு இடுக்கை நாமே உருவாக்குகிறோம். துருமாற்றி என்று விற்கும் திரவங்களைப் பற்றியும் அளவுக்கு மீறிய நம்பிக்கை வேண்டாம். பாஸ்பாரிக் அமிலம் உள்ளவை மேல்துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் உள்ளவை கருநிற டானேட்டாகவும் மாற்றுகின்றன. கம்பி பிரஷால் சுரண்டிய பிறகு மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு அவை நல்லவை. செதில் செதிலாக உரியும் தகட்டுக்கு அவற்றால் பலம் திரும்பாது.

லெஸ்டர்வாசி

அனைவருக்கும் நன்றி. கிரைண்டரால் வெளிச் சில்லில் ஒரு கை நீளத்துக்குச் சன்னல் வெட்டிப் பார்த்தேன். மேலே பெயின்ட், அதன் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி, பட்டிக்குக் கீழே ஒட்டுத் தகடு, அதற்கும் கீழே பழைய சில்லின் எச்சம். அதற்குப் பின்னால், நடுச் சில் இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் நிற நுரை திணிக்கப்பட்டிருந்தது. கட்டடங்களில் சன்னல் ஓரத்தில் அடிப்பார்களே, அதே நுரைதான். கையால் அழுத்தியதும் தண்ணீர் வடிந்தது. பழைய உரிமையாளர்களில் யாரோ செய்த கைவேலை.

உட்சில்லின் மேல்பாதி உறுதியாக இருக்கிறது, கீழ்ப்பாதி இல்லை. முன் அவுட்ரிகர் போய்விட்டது, பின்னது தப்பித்திருக்கிறது. ஆகவே சில்லை முழுவதுமாக மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வரிசையில் வெட்டுவது, வெல்டை எப்படி வைப்பது என்பதைத் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள். வண்டி 4.5 மீட்டர் நீளம். கூரை உயரத்தால் கராஜுக்குள் நுழையவில்லை. முற்றத்தில் தார்ப்பாய்க் கூடாரத்தின் கீழ்தான் வேலை நடக்கும். முற்றம் சொந்த இடமாதலால், சாலையில் ஓட்டவில்லை என்ற அறிவிப்பை முறைப்படி பதிவு செய்துவிட்டேன்.

கோவைத்தகடு

நுரையை இந்த வண்டிகளில் நானும் பார்த்திருக்கிறேன். தீப்பொறி பட்டால் அது நச்சுப் புகை கக்கிக்கொண்டு எரியும். வெல்டு பற்றவைப்பதற்கு முன் ஒரு துணுக்கு விடாமல் சுரண்டியெடுத்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் வண்டி சக்கரத்தின் மேல் நிற்கும்போது எப்படி உட்கார்ந்திருக்கிறதோ, அதே மட்டத்தில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். பிறகு கதவு வாசல்களுக்குக் குறுக்கே சதுரக் குழாய்களை மூலைக்கு மூலையாகத் தற்காலிகமாக வெல்டு செய்யுங்கள். நகரும் கதவின் வாசல் பெரியது. சில் இல்லாத நேரத்தில் அந்த வாசல்தான் முதலில் தொங்கும். மூலைவிட்ட நீளங்களை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி, வாசலருகிலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் மறுபடி அளக்க வேண்டும்; கதவை மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடியும் வரை மறுபக்கத்தைத் தொடக்கூடாது.

வரிசை உள்ளிருந்து வெளியே: முதலில் அவுட்ரிகரும் ஜாக்கிக் குழாயும், பிறகு உட்சில், நடுச் சில், கடைசியில் வெளிச் சில். உட்சில்லின் மேல்பாதி நன்றாக இருந்தால் அதை வெட்ட வேண்டாம். நல்ல தகடு எங்கே தொடங்குகிறதோ, அங்கே நேர்கோட்டில் வெட்டிப் புதிய கீழ்ப்பாதியை விளிம்புக்கு விளிம்பு வைத்து இணையுங்கள். அதையும் ‘ஒட்டு’ என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். துருவை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் தகடும், துருவை மூடுவதற்கு வைக்கும் தகடும் ஒன்றல்ல.

இந்தத் தகடுகளுக்கு 0.6 மி.மீ. கம்பியும், ஆர்கானோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் நன்றாக வரும். வாயு இல்லாத ஃப்ளக்ஸ் கம்பி திறந்த வெளிக் காற்றுக்கு வசதி என்றாலும், மெல்லிய தகட்டில் எளிதில் ஓட்டை போட்டுவிடும். அதைவிடக் கூடாரத்தின் ஓரங்களைக் கட்டிக் காற்றை மறைத்துக்கொள்வது மேல். நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு போட்டால் தகடு அப்பளமாகச் சுருண்டுவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, அதற்கடுத்தது மறுகோடியில் என்று தாவித் தாவிப் புள்ளி வைத்து, இடையில் ஆறவிட்டு, கடைசியில் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். மேலும் கீழுமாகப் படியும் விளிம்புகளில் மேல்தகட்டில் 6 மி.மீ. துளைகள் போட்டு, அவற்றை வெல்டால் நிரப்பினால் தொழிற்சாலைப் புள்ளி வெல்டு போலவே பிடிக்கும். படியும் முகங்களில் முன்பே துத்தநாக வெல்டிங் பிரைமர் அடித்துவிடுங்கள். துளையின் நடுவில் மட்டும் அதைச் சுரண்டி விட்டால் வெல்டு தெறிக்காது. துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டு செய்யும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் வரும். அதற்கேற்ற முகமூடி கட்டாயம்.

பெட்ரோல்வாசனை

வெல்டிங் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்; எஞ்சின் பக்கத்தை யாரும் தொடவில்லை. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் பின்னால், எஞ்சின் அறைக்கு முன்புறச் சுவரின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எஞ்சினை இறக்க வேண்டும். ‘டேங்க் காலிதானே’ என்று விட்டுவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் தங்கியிருக்கும் காலி டேங்க் ஆபத்தானது. பின்பக்கம் ஒரு வெல்டு வைப்பதற்கு முன்பும் எஞ்சின், டேங்க், பேட்டரி மூன்றும் வண்டியைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும்.

எஞ்சின் கீழே இருக்கும்போது ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ10. பழைய ரப்பரை அது இளக்கி வெடிக்க வைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். 1600 எஞ்சினின் கிராங்க் கேஸ், அதாவது அதன் அடிக்கூடு, மக்னீசியக் கலவை. ஒரு முறை அது பற்றிக்கொண்டால் சாதாரணத் தீயணைப்பானால் அணைக்க முடியாது. இத்தனை வண்டிகள் சாலையோரத்தில் எரிந்து சாம்பலானதற்கு ஒரு சாண் குழாய்தான் பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று ஹீட்டர். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறையில் சூடாகும் காற்றுதான் கேபினுக்கு வருகிறது. அந்த உள்குழாய் துருவில் ஓட்டையானால் வெப்பக் காற்றுக்குப் பதில் வெறும் குளிர் என்று போகாது. கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். படுத்து உறங்கும் வண்டி இது. புகைக்குழாயைச் சுற்றியுள்ள அந்த இரண்டு உறைப் பெட்டிகளையும் கழற்றி, உள்ளே விளக்கு விட்டுப் பாருங்கள்; அலாரம் ஒன்றும் மாட்டுங்கள்.

வாரஇறுதிப்பயணி

நுரையைப் பற்றிப் படித்த பிறகு ஃபைபர்கிளாஸ் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வேலை முடியாமல் போகும் ஆபத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. இடப்பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் பிரைமர் அடித்துக் கதவை மாட்டிவிடுங்கள். ஒரு பக்கமாவது வண்டியாகத் தெரிந்தால்தான் வீட்டில் இருப்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

லெஸ்டர்வாசி

அந்த யோசனை என் மனைவிக்கும் பிடித்திருக்கிறது. பிரைமர் பற்றிக் கடைசியாக ஒரு கேள்வி. மழைக்காலம் முழுவதும் வண்டி கூடாரத்தின் கீழ் நிற்கும். சாதாரண சாம்பல் நிற பிரைமர் போதுமா? பழைய புள்ளி வெல்டுகளைப் பிரிக்க எது நல்லது?

உப்பும்இரும்பும்

சாதாரண பிரைமர் தேய்த்துச் சமன் செய்வதற்காக உருவானது. அது நுண்துளைகள் உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். அதன் கீழேயே துரு தொடங்கிவிடும். இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமர் ஈரத்தை விடாது. அதற்கும் கையுறையும் ஆவிக்கான முகமூடியும் தேவை. மேல் பெயின்டுக்கு ஐசோசயனேட் உள்ள, இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பெயின்ட்டை வீட்டில் தெளிக்க வேண்டாம். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல் அது நுரையீரலைக் கெடுத்துவிடும். பெயின்ட் காய்ந்த பிறகு சில்லின் உள்ளே நீண்ட குழல் விட்டு மெழுகு தெளியுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகளை மெழுகாலோ சீலராலோ அடைத்துவிடாதீர்கள்.

கோவைத்தகடு

புள்ளி வெல்டுக்கு 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கம்பி பிரஷால் தேய்த்தால் புள்ளிகள் சின்னக் குழிகளாகத் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் சென்டர் பஞ்ச் அடித்து, மேல்தகடு விடும் வரை மட்டும் துளையிட வேண்டும். அடித்தகட்டின் நிறம் வேறாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இடையில் உலோகம் வெட்டும்போது விடும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் கட்டரின் பல் நீண்ட நாள் வரும். அவுட்ரிகர் வந்து சேர்ந்ததும், வெல்டு வைப்பதற்கு முன் வெறுமனே பொருத்தி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். ஜாக்கிக் குழாயின் கோணம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.